மருமகனின் பல்சரும் 29,500 ரூபா தீப்பொறியும்

2025 சித்திரை முடியும் நேரம் என்னுடைய மருமகன் கைபேசியில் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து காட்டினான். ‘ரேசிங்’ சீ.டி.ஐ. ஒன்று 11,500 ரூபா. கொயில் ஒரு சோடி 8,000. இரிடியம் பிளக் இரண்டு 10,000. எல்லாமாக 29,500 ரூபா.

“மாமா, இதுகளைப் போட்டா பத்து வீதம் எண்ணெய் மிச்சமாம். இழுவையும் கூடுமாம். முல்லைத்தீவுக்குப் போக முதல் போட்டுடுவம்.”

அவனுக்கு 23 வயது. அலுமினியம் பொருத்தும் வேலை. அந்த 29,500 சீட்டு எடுத்த காசு. தை மாதம்தான் பழைய பல்சர் 150 ஒன்றை வாங்கியிருந்தான். அதற்கு முன்னர் ஒவ்வொரு மே மாதமும் அவனும் அக்காவும் பஸ்ஸில்தான் முள்ளிவாய்க்காலுக்குப் போய்வருவார்கள். அக்கா விசுவமடுவில் திருமணம் செய்தவர். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது ஒரு கையில் இவன், மறுகையில் ஒரு பை. இவனுக்கு அப்போது 7 வயது. அத்தான் வரவில்லை. இன்றுவரை அவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. இந்தமுறை அம்மாவைத் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது அவனுடைய ஆசை.

அவன் கைபேசியைக் காட்டிக்கொண்டிருக்க, நான் பல்சரின் பின் ரயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் பூவே இல்லை. வழுக்கைத் தலை மாதிரி இருந்தது.

எங்கள் பக்கத்தில் இளைஞர்கள் பலர் இதே கேள்வியோடு அலைகிறார்கள். பயணம் போவதற்கு முன்னர் தீப்பொறிப் பகுதியை மாற்றினால் பெற்றோல் மிச்சப்படுமா, போட்ட காசு திரும்பி வருமா? நான் மெக்கானிக் இல்லை. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடிய எம்.டி. 90 இல் மோட்டார் சைக்கிள் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன். எங்களைப் போல பிளக்கைக் கழற்றித் துடைத்தவர்கள் உலகத்தில் குறைவு என்று நினைக்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

1990 ஆனியில் போர் மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் இல்லை. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். இருந்த எம்.டி. 90, சி 90, சி 50 எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. இதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியாவதற்கு ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலேயே அந்த ஆவியைத் தந்துவிடும். அதனால் குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் எவ்வளவு உதைத்தாலும் ஸ்ராட் எடுக்காது. ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். ஊசி போடும் சிரிஞ்சினால் காபரேற்றருக்குள் சில சொட்டு அடித்து, உதைத்து, எஞ்சின் சூடாகும்வரை பொறுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். வழியில் நின்றுவிட்டால் மறுபடியும் சிரிஞ்ச்.

அந்த நாட்களில் பிளக் என்பது வீட்டில் ஒரு ஆள் மாதிரி. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் கரி பிடிக்கும். கரி பிடித்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே கசிந்து போய்விடும். கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, அடுப்பில் வாட்டி, பொயின்ற் இடைவெளியைப் பழைய சிகரெட் பெட்டி மட்டையால் அளந்து பூட்டுவோம். என் அப்பாவின் எம்.டி. 90 இல் ஒரே பிளக்கை எத்தனையோ மாதம் ஓட்டியிருக்கிறோம். புதியது வாங்க வழியில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு. வலிகாமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துப் போனார்கள். எங்கள் வீடு கொக்குவிலில். மழை. ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் அந்த ஓரிரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள் என்று சொல்வார்கள். எண்ணியது யார்? ஆனால் ஓரடி எடுத்துவைக்க அரைமணி நேரம் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா அம்மம்மாவை எம்.டி. 90 இன் சீற்றில் இருத்தியிருந்தார். அந்த நெரிசலில் எஞ்சின் ஊர்ந்து ஊர்ந்து, சூடு போதாமல், பிளக் நனைந்து, செம்மணிக்கு வருமுன்னரே நின்றுவிட்டது. அதன் பிறகு அது மோட்டார் சைக்கிள் இல்லை, தள்ளுவண்டி. பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் நானும் அப்பாவும் தள்ளினோம்.

விடிய சாவகச்சேரிக்கு வந்தபோது அம்மம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அப்பா ஒரு கடை விறாந்தையில் இருந்து பிளக்கைக் கழற்றினார். சீமெந்துத் தரையில் தேய்த்தார். சாரத்தின் உலர்ந்த பகுதி எங்கே என்று தேடித் துடைத்தார். போத்தலில் மிச்சமிருந்த பெற்றோலைக் கடைசிச் சொட்டுவரை அடித்தார். நான்காவது உதையில் எஞ்சின் பிடித்தது. அம்மம்மாவை அப்படியே மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர் அதற்குப் பிறகும் ஆறு வருடம் இருந்தார்.

இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னபோது அவன் கேட்டான்: “அப்ப மாமா, நல்ல பிளக் இருந்திருந்தா அண்டைக்கு நிண்டிராதுதானே?” நியாயமான கேள்வி. இருந்திருந்தால் நின்றிராமல் இருக்கவும் கூடும். இரிடியம் பிளக்கின் நுனி ஊசி போல மெல்லியது. அதில் பொறி பாய்வதற்குக் குறைந்த வோல்ற் போதும். கரி பிடித்த, ஈரமான, பாதி செத்த எஞ்சினில் அது உண்மையாகவே உதவும். ஆனால் அவனுடைய பல்சர் பெற்றோலில் ஓடுகிறது. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தை நல்ல தேகசுகம் உள்ளவன் குடித்தால் பலசாலி ஆகிவிடுவானா என்பதுதான் இங்கே கேள்வி.

தீப்பொறி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். சீ.டி.ஐ. பெட்டிக்குள் ஒரு கொள்ளளவி இருக்கிறது. அது சில நூறு வோல்றுக்கு நிரம்பி, சரியான கணத்தில் கொயிலுக்குள் கொட்டும். கொயில் அதைப் பல்லாயிரம் வோல்றாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்பும். பிளக்கின் இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதைத் தாண்டச் சாதாரண ஓட்டத்தில் 10,000 முதல் 20,000 வோல்ற் வரை போதும்.

இப்போது கடைக்காரர், “இந்தக் கொயில் 40,000 வோல்ற் தரும்” என்கிறார். பொய் இல்லை, தரக்கூடியதுதான். ஆனால் தராது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். பாத்தியின் வரம்பு எங்கே தாழ்வாக இருக்கிறதோ அந்த உயரம்வரைதான் தண்ணீர் ஏறும். ஏறியதும் அந்த இடத்தால் பாய்ந்துவிடும். இறைக்கும் மெசினைப் பெரிதாக்கினால் பாத்தியில் தண்ணீர் உயர்ந்து நிற்காது. அதேபோல 12,000 வோல்றில் இடைவெளி உடைந்து பொறி பாய்ந்துவிட்டால், அதற்கு மேலே கொயிலில் எவ்வளவு வலு இருந்தாலும் அது பாவனைக்கு வராது. வரம்பு உயர்ந்தால்தான், அதாவது இடைவெளி கூடினால், அமுக்கம் கூடினால், ரேபோ பூட்டினால்தான் பெரிய கொயிலுக்கு வேலை இருக்கிறது. 150 சீ.சீ. பல்சரில் அந்த வேலை இல்லை.

பொறி பாய்ந்து கலவை பற்றிக்கொண்டதா இல்லையா என்பதுதான் விடயம். பற்றிவிட்டால், அதற்குப் பிறகு எரிவது பெற்றோலும் காற்றும். நெருப்புப் பெட்டியால் பற்றவைத்தாலும் லைற்றரால் பற்றவைத்தாலும் அடுப்பில் சோறு ஒரே நேரத்தில்தான் அவியும்.

எப்போது பற்றவைப்பது, எந்த இடத்தில் பற்றவைப்பது என்பவற்றில் வித்தியாசம் இருக்கிறது. பல்சரில் இரண்டு பிளக் வைத்ததன் காரணம் இதுதான். இரண்டு பக்கத்தாலும் நெருப்பு ஓடினால் அறை முழுவதும் எரிந்து முடிய எடுக்கும் நேரம் குறையும். இந்த இரட்டைப் பிளக்குக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2007 இல் ரி.வி.எஸ். நிறுவனம் ‘பிளேம்’ என்ற 125 சீ.சீ. வண்டியைக் கொண்டுவர, அது தங்களுடைய காப்புரிமை என்று பஜாஜ் வழக்குப் போட்டது. 2008 இல் தடை, 2009 இல் தடை நீக்கம், பிறகு உச்ச நீதிமன்றம் என்று இழுபட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டு பெரிய கம்பனிகள் சண்டை பிடித்தது பொறியின் பலத்துக்காக இல்லை. பொறி விழும் இடத்துக்காக. அது எஞ்சின் தலையின் வடிவத்தோடு சேர்ந்து வருவது. கடையில் வாங்கிப் பூட்ட முடியாது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ‘ரேசிங்’ சீ.டி.ஐ. கைவைப்பது அதில்தான். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் எஞ்சின் ஒரு செக்கனில் 100 தரம் சுழல்கிறது. பிஸ்டன் மேலே வந்து முடிவதற்குச் சில பாகைகள் முன்னரே பொறி விழ வேண்டும். எத்தனை பாகை என்பது வேகத்தையும் சுமையையும் பொறுத்து மாறும். பல்சரின் சொந்தப் பெட்டி, த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் காபரேற்றரில் இருந்து வரும் ஒரு வயரால் தெரிந்துகொண்டு நேரத்தைக் கணக்கிடுகிறது. பொதுவாக விற்கப்படும் ‘ரேசிங்’ பெட்டிகள் பலவற்றில் அந்த வயருக்கு இடமே இல்லை. அவை செய்வது இரண்டு வேலை. உச்சச் சுற்றுக்கான கட்டுப்பாட்டை எடுத்துவிடும். பொறியைக் கொஞ்சம் முன்னதாக அடிக்கும். பந்தயப் பாதையில் நல்ல பெற்றோலோடு, ஒரு ஆளோடு, பத்து நிமிடம் ஓட அது சரி. மே மாத வெயிலில், 92 ஒக்ரேன் பெற்றோலில், பின்னால் அம்மாவையும் வைத்துக்கொண்டு நான்காவது கியரில் ஏறும்போது எஞ்சின் ‘நொக்’ பண்ணும். கிடுகிடு என்று உள்ளே சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும். அதைக் கேட்டும் கேளாமல் ஓடினால் பிஸ்டன் போய்விடும். அதற்கு ஆகும் செலவை இந்தப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

இனி மிச்சக் கணக்கு. மருமகன் வேலைக்கும் வீட்டுக்குமாக வருடத்தில் 8,000 கிலோமீற்றர் ஓடுவான். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் என்றால் 178 லீற்றர் பெற்றோல். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம் (அந்த மாதம் விலை அதற்குச் சற்றுக் குறைவு, மாறினால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்). வருடத்துக்கு 53,000 ரூபா சொச்சம். கடைக்காரர் சொன்ன பத்து வீதம் முழுக்க உண்மை என்றே எடுப்போம். வருடத்துக்கு 5,300 மிச்சம். 29,500 ஐ எடுக்க ஐந்தரை வருடம். அந்தப் பத்து வீதம் உண்மையில் இரண்டு வீதம் என்றால் 27 வருடத்துக்கும் மேல்.

“அப்ப எனக்கு 74 வயசு தம்பி. உன்ர பல்சருக்கு எத்தினை வயசு எண்டு நீயே பார்” என்றேன். சிரித்தான். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. இளம் பிள்ளைகளை எண்களால் மட்டும் மடக்க முடியாது.

அதனால் செய்துபார்ப்போம் என்று முடிவெடுத்தோம். முதலில் வண்டி இருந்த நிலையில் தாங்கியை வாய் முட்ட நிரப்பி, கொக்குவிலில் இருந்து கீரிமலைக்கு இரண்டு தரம் போய்வந்து, அதே செட்டில் அதே பம்பில் மறுபடி நிரப்பிப் பார்த்தோம். லீற்றருக்கு 41 கிலோமீற்றர்தான் வந்தது. காலையில் ஸ்ராட் எடுக்கவும் அடம்பிடித்தது. மருமகனுக்குச் சந்தோசம். “பாத்தீங்களே, பொறி காணாது” என்றான்.

அன்றிரவு முற்றத்து லைற்றை நூர்த்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டோம். உங்கள் வீட்டிலும் இதைச் செய்துபாருங்கள், செலவில்லை. வயரில் மட்டும் கைவைக்காதீர்கள். இடப்பக்கப் பிளக் மூடியின் கழுத்தில் நீல நிறத்தில் மெல்லிய பொறி ஒன்று எஞ்சின் தலைக்குத் தாவிக்கொண்டிருந்தது. மூடி வெடித்திருந்தது. போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் பாதி வழியில் கசிகிறது. மறுநாள் பார்த்தால் கொயிலின் ஏர்த் வயர் பூட்டிய இடத்தில் பச்சைக் களிம்பு. எங்கள் குடாநாட்டின் உப்புக்காற்றுக்கு இது வழக்கமான நோய். பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பகுதிக்கு ஓடுபவர்கள் இதை வருடத்தில் ஒருமுறையாவது கழற்றித் தேய்க்க வேண்டும். உப்புத் தாளால் தேய்த்துப் பூட்டினோம். இரண்டு பிளக் மூடியும் 900 ரூபா. பிளக் இரண்டும் தேய்ந்திருந்தன. அதே இலக்கத்தில் சாதாரணப் பிளக் இரண்டு, 1,600 ரூபா. பின் பிறேக் இறுகிக்கிடந்தது, தளர்த்தினோம். ரயரில் காற்று அரைவாசிதான். செயினுக்கு ஒயில்.

மறுபடி கீரிமலை. லீற்றருக்கு 46.

பிறகு அவனுடைய சிநேகிதன் ஒருவனிடம் அதே வண்டிக்கான அசல் இரிடியம் பிளக் சோடி இருந்தது. இரவல் வாங்கிப் பூட்டி, அதே பாதை, அதே ஆள். 46 உம் அரையும். இவன் முகம் மலர்ந்தது. இரண்டு நாள் கழித்துக் காற்றில்லாத ஒரு காலையில் சாதாரணப் பிளக்கை மறுபடி பூட்டி ஓடினோம். 47. அந்த அரைக் கிலோமீற்றர் பிளக்கில் இருந்து வந்ததா, கீரிமலைக் கடற்காற்றில் இருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. கொயிலையும் சீ.டி.ஐ.யையும் நாங்கள் பரிசோதிக்கவில்லை. வாங்கினால்தானே பரிசோதிக்கலாம்!

இது எங்கள் இரண்டு பேருடைய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எரிபொருள் மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட 100 க்கும் மேற்பட்ட பொருட்களைப் பரிசோதித்திருக்கிறது. குறிப்பிடும்படி மிச்சம் பிடித்தது அநேகமாக எதுவுமே இல்லை. 2022 இல் எங்கள் சந்தியிலும் ஒருவர் பெற்றோல் குழாயில் கட்டும் காந்தம் விற்றார். கியூ.ஆர். அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்த நாட்கள் அவை. லீற்றர் 450 ரூபா. இரவில் செட்டுக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு ஐந்து வீத மிச்சம் என்றாலே அமிர்தம். இல்லாமையில் இருப்பவனிடம்தான் இந்த வியாபாரம் நன்றாக ஓடும்.

அப்படியென்றால் எதையுமே மாற்றக்கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் இன்னும் பொயின்ற் வைத்த பழைய எம்.டி. 90, சி 90 வைத்திருப்பவர்கள் அதை எலெக்ரோனிக் முறைக்கு மாற்றினால் அது காசுக்குத் தகுந்த வேலை. பொயின்ற் தேயும், தேயத் தேயப் பொறி விழும் நேரம் நகரும், மழையில் ஈரம் பிடிக்கும். மாற்றிய பிறகு இந்தத் தொல்லை இல்லை. பழைய பொருளை அப்படியே வைத்திருக்க விரும்புபவர்கள் பொயின்றின் இடைவெளியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இரிடியம் பிளக்கும் கெட்ட சாமான் இல்லை. சாதாரணப் பிளக்கை விட நீண்ட காலம் உழைக்கும், காலைக் குளிரில் இலகுவாகப் பிடிக்கும். ஆறு மடங்கு விலைக்கு ஆறு மடங்கு உழைக்காது, அவ்வளவுதான். வாங்கினால் போலி இல்லாத இடமாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் எழுத்துப் பிழை இருந்தால், நுனி மொத்தமாக இருந்தால் அது இரிடியம் இல்லை. பழைய பிளக்கைக் கழற்றும்போது அதன் நிறத்தையும் பாருங்கள். மாரி பிஸ்கற் நிறம் என்றால் எஞ்சின் சுகம். கரி என்றால் பெற்றோல் கூடுகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. வெள்ளை என்றால் சூடு கூடுகிறது, உடனே கராஜுக்குப் போங்கள். இந்த நிறம் சொல்லும் செய்தியை எந்த விலைப் பிளக்காலும் மாற்ற முடியாது.

பயணச் செலவுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக்கு இப்போது கொழும்பில் இருந்து பெரிய பெரிய மோட்டார் சைக்கிள்களில் கூட்டமாக வருகிறார்கள். பருத்தித்துறையில் சக்கோட்டை முனைவரை போய், இலங்கையின் வடக்கு எல்லையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வரட்டும், எங்கள் கடைகளுக்கும் வியாபாரம். நாங்கள் போகும் பயணம் மறுதிசையில். கொக்குவிலில் இருந்து ஆனையிறவு, பரந்தன், அங்கிருந்து ஏ 35 வீதியில் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவு. திரும்பும்போது மாங்குளம் வந்து ஏ 9. உள்வீதிகளுக்குப் போய்வந்ததையும் சேர்த்து எங்கள் மீற்றரில் சரியாக 300 கிலோமீற்றர். பஸ்ஸில் போனால் மலிவு. ஆனால் அக்கா பார்க்க விரும்பும் இடங்கள் பஸ் போகும் வீதியில் இல்லை.

இரண்டு பேரைச் சுமந்த பல்சர் லீற்றருக்கு 42 கொடுத்தது. பெற்றோல் 2,140 ரூபா. கையில் இருந்து உடனே போகாததால் மறந்துவிடும் செலவுகள் வேறு இருக்கின்றன. பின் ரயர் 11,800 ரூபா, 15,000 கிலோமீற்றர் ஓடும் என்றால் இந்தப் பயணத்துக்கு அது தேய்ந்த காசு 236. எஞ்சின் ஒயில் 260. செயின் செற்றுக்கு 120. பிறேக்குக்கு 60. இரண்டு பிளக்கும் சேர்த்து 48 ரூபா. ஒரு பிளேன்ரீக் காசு. முழுப் பயணத்திலும் தீப்பொறிக்குச் செலவானது அந்த ஒரு பிளேன்ரீதான், அதை மிச்சம் பிடிக்கத்தான் 29,500 கேட்டார்கள்.

என்னுடைய சி.ரி. 100 க்கு 5 லீற்றர், 1,500 ரூபா. மூன்று பேருக்கும் சாப்பாடு, சோடா என்று 4,100. புதுக்குடியிருப்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம், அறை வாடகை இல்லை. ஆனால் வெறுங்கையோடு போக ஏலாதே. பழம், பிஸ்கற், சீனி என்று 3,400. ஆகப் பெரிய செலவு சாப்பாடும் சொந்தமும். பெற்றோல் அதற்குப் பிறகுதான். வேகத்தைக் குறைத்தால் பெற்றோலும் இன்னும் குறையும். 60 இல் இருந்து 80 க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. ஆனையிறவு வெளியில் எதிர்க்காற்றில் போனவர்களுக்கு இதற்குப் புத்தகம் தேவையில்லை.

மருமகனின் சீட்டுக் காசுக்கு வருகிறேன். பின் ரயர் 11,800. பின் பிறேக் சூ 1,400, முன் பிறேக் பாட் 1,600. பிளக்கும் மூடியும் 2,500. அக்காவுக்குத் தலைக்கு அளவான, பட்டி ஒழுங்காகப் பூட்டக்கூடிய ஹெல்மெற் 6,500. அதுவரை அவர் போட்டுக்கொண்டிருந்தது பொலிஸுக்காக வைத்திருந்த ஒரு சட்டி. எல்லாமாக 23,800. மிச்சம் 5,700 ஐ அவன் அக்காவிடம் கொடுத்தான்.

ரயருக்குத்தான் நான் கூடச் சண்டை பிடித்தேன். ஏன் என்று அவனுக்கு விளங்கியது விசுவமடுவுக்கு அப்பால். வீதி ஓரத்தில் இருந்து மாடு ஒன்று கன்றைத் தேடிக் குறுக்கே இறங்கியது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். பல்சரின் பிறேக் லைற் எரிந்தது, பின்பக்கம் ஒருமுறை ஆடி, நேரானது, நின்றது. அக்கா இரண்டு கையாலும் அவனுடைய இடுப்பைப் பிடித்திருந்தார். மாடு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போனது. யாரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சத் தூரம் போய் ஒரு மரநிழலில் நிறுத்தி, கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தோம்.

மே 18 காலையில் வட்டுவாகல் பாலத்துக்குப் போனோம். நெருக்கமான பாலம். எதிரே வாகனம் வர, ஓரமாக நிறுத்தி இடம் கொடுத்தோம். அக்கா இறங்கி, நடந்தே வருகிறேன் என்றார். நாங்கள் வண்டிகளை நூர்த்திவிட்டு, தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தோம். மறுகரையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குடித்தோம். அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு வந்து ஏறி, ஹெல்மெற் பட்டியைத் தானே பூட்டிக்கொண்டு, “போவம் தம்பி” என்றார். மருமகன் பொத்தானை அமத்தினான். முதல் தடவையிலேயே பிடித்தது.

அந்த ‘ரேசிங்’ சீ.டி.ஐ.யின் படம் இப்போதும் அவனுடைய கைபேசியில் இருக்கிறது. அடுத்தமுறை பிளக் மாற்றும்போது இரிடியம் போடுவேன் என்கிறான். போடட்டும், உழைக்கிற பிள்ளை. கழற்றிய சாதாரணப் பிளக் இரண்டையும் எறியாமல் துணியில் சுற்றி சீற்றுக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு துண்டு உப்புத் தாளும்.